எரொபவாம் கொடுத்த கணக்கு

எரொபவாமை நீர் அறிவீர். எப்ராயிம் குலத்தவன். அவனது உழைப்பைக் கண்ட சாலமோன் அரசனே அவனை வேலையாட்களுக்கு மேற்பார்வையாளனாக்கினான். இறைவாக்கினர் அகியா புதிய மேலாடையொன்றைப் பன்னிரண்டாகக் கிழித்து, பத்துத் துண்டுகளை அவனிடம் கொடுத்தார். பத்துக் குலங்களை ஆண்டவர் அவனுக்கு அளிப்பார் என்பதற்கு அது அடையாளம்.

ஏறத்தாழ கி.மு. 930இல், சாலமோனின் மகன் ரெகபெயாம் மக்களின் சுமையைக் குறைக்க மறுத்தபோது அவ்வாக்கு நிறைவேறியது. மக்களின் முறையீடு நியாயமானதே. ஆனால், அரியணை கிடைத்ததும் எரொபவாமை அச்சம் பற்றிக்கொண்டது. பலியிட எருசலேம் செல்வோர் ரெகபெயாமிடமே திரும்பிவிடுவர் என எண்ணி, பெத்தேலிலும் தாணிலும் பொற்கன்றுகளை நிறுத்தினான். லேவியர் அல்லாதோரைக் குருக்களாக்கினான். அரசு பிரிந்ததோடு வழிபாடும் பிரிந்தது.

பலிபீடத்தருகே நீட்டிய அவன் கை விறைத்துப்போயிற்று. இறையடியார் ஒருவரின் மன்றாட்டால் குணமாயிற்று. அப்போதும் அவன் மனந்திரும்பவில்லை. மகன் அபியா நோயுற்றபோது, மனைவியை மாறுவேடத்தில் அதே அகியாவிடம் அனுப்பினான். பார்வை இழந்த அம்முதியவரை ஏமாற்ற இயலவில்லை. பிள்ளையும் பிழைக்கவில்லை.

22 ஆண்டுகள் ஆண்டு மறைந்தான். கி.மு. 722 அளவில் வடநாடு அசீரியரிடம் வீழ்ந்ததைக் கூறுமிடத்திலும் அரசர்கள் நூல் அவன் பாவத்தையே நினைவூட்டுகிறது.

வாசகரே, அநீதிக்கு எதிராக நின்றதற்காக அவன் தீர்ப்படையவில்லை. தன் பதவிக்கு ஆண்டவரின் பீடத்தை வேலியாக்கியதற்காகவே தீர்ப்படைந்தான். பங்கிலும் குடும்பத்திலும் நாம் கட்டும் வேலிகள் யாருக்காக? அந்தக் கணக்கை நாமும் ஒருநாள் கொடுத்தாக வேண்டும்.