புல்லை ஆராய்ந்த ஜானகி அம்மாள்

மலேசியாவில் லாலாங் என்றால் களை. எரித்தாலும் மீண்டும் தழைக்கும் புல். கரும்பும் அதே புல் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். இவ்விரண்டையும் இணைத்துக் கலப்பினம் உருவாக்கியவர் தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாள்.

அவர் 1897ஆம் ஆண்டு கேரளத்தின் தலச்சேரியில் பிறந்தார். பெண்கள் உயர்கல்வி பெறுவது அரிதாக இருந்த காலம் அது. சென்னையில் தாவரவியல் பயின்று, பெண்கள் கிறித்துவக் கல்லூரியில் கற்பித்தார். பின்னர் உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். 1931இல் முனைவர் பட்டம் பெற்றார்.

1934இல் கோயம்புத்தூரில் இருந்த கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். கரும்பு பினாங்குத் தமிழருக்குப் புதிதன்று. 19ஆம் நூற்றாண்டில் செபராங் பிறைக் கரும்புத் தோட்டங்களில் உழைக்க வந்தவர்களுள் தமிழர் பலர். சாறு மிகுந்த கரும்பு வகைகள் இந்திய மண்ணில் நன்கு தாக்குப்பிடிக்கவில்லை. ஆகவே, கோயம்புத்தூர் அறிஞர்கள் அவற்றை உறுதிமிக்க காட்டுக் கரும்புடன் கலந்து புதிய வகைகளை உருவாக்கி வந்தனர். ஜானகி அம்மாள் அப்பயிர்களின் உயிரணுக்களில் உள்ள குரோமோசோம்களை நுண்ணோக்கியில் எண்ணி ஆராய்ந்தார். கரும்பை மக்காச்சோளத்துடனும் லாலாங்குடனும் இணைத்துப் பார்த்தார். எந்தப் புல் எதற்கு உறவு என்பதை இவ்வாய்வுகள் காட்டின. ஆயினும், பெண் என்பதாலும் சாதியாலும் அங்கு அவருக்கு உரிய மதிப்புக் கிடைக்கவில்லை.

பின்னர் இங்கிலாந்து சென்றார். இரண்டாம் உலகப்போரில் குண்டுகள் விழுந்த நாள்களிலும் ஆய்வைக் கைவிடவில்லை. பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்து, டார்லிங்டன் என்னும் அறிஞருடன் இணைந்து 1945இல் நூலாக வெளியிட்டார்.

பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்று இந்தியா திரும்பி, இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையைச் சீரமைத்தார். உணவு விளைச்சலைப் பெருக்கக் காடுகள் அழிக்கப்படுவதைக் கண்டு கலங்கினார். ஒருமுறை, அசாம் பகுதியில் அரிய மக்னோலியா மரம் ஒன்றைத் தேடி ஷில்லாங்கிலிருந்து நெடுந்தொலைவு சென்றார். அம்மரம் ஏற்கெனவே எரிக்கப்பட்டிருந்தது!

மனிதர் பூமியை எவ்வாறு மாற்றியுள்ளனர் என்பதைப் பற்றி 1955இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரில் ஒரு மாநாடு நடந்தது. அழைக்கப்பட்ட அறிஞர்களுள் அவர் ஒருவரே பெண். தங்கள் உணவைத் தாங்களே விளைவித்துக்கொள்ளும் இந்திய மக்களின் வாழ்க்கை முறையை அங்கு அவர் விளக்கினார். சுற்றுச்சூழல் என்ற சொல்லே பரவலாக வழங்காத காலத்தில் இது பெரிய செய்தி.

கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டும் திட்டம் வந்தபோது அவருக்கு ஏறத்தாழ எண்பது வயது. அணை எழுந்தால் மழைக்காட்டின் ஒரு பகுதி நீரில் மூழ்கிவிடும். எதிர்ப்புத் தெரிவித்தவர்களோடு அவரும் சேர்ந்துகொண்டார். அங்குள்ள தாவரங்களின் குரோமோசோம்களை ஆராயும் பணியிலும் இறங்கினார். அரசு அத்திட்டத்தைக் கைவிட்டது. 1984 பிப்ரவரியில் அவர் மறைந்தார். அதே ஆண்டு நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.