சாஸ்திரி வீட்டில் சமைக்காத இரவு

வரலாற்றுப் பாடத்துக்காக வகுப்பில் பத்து நிமிடம் பேச வேண்டியிருந்தது. தலைவர்களுக்குப் பிடித்த உணவு என்ற தலைப்பைத் தேர்ந்தெடுத்தேன். நண்பர்கள் ரசிப்பார்கள், மதிப்பெண்ணும் கிடைக்கும் என்பது என் கணக்கு. ஆனால், இந்தியாவின் இரண்டாவது பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியைப் பற்றிப் படித்தபோது, அவர் சாப்பிட்டதைவிடச் சாப்பிடாததுதான் என் மனத்தில் நின்றது.

சாஸ்திரி 1904 அக்டோபர் 2ஆம் தேதி வட இந்தியாவின் முகல்சராயில் பிறந்தார். இரண்டு வயது நிரம்பும் முன்பே தந்தையை இழந்து, தாய்வழித் தாத்தா வீட்டில் வளர்ந்தார். சாஸ்திரி என்பது குடும்பப் பெயரன்று. காசி வித்யாபீடத்தில் பெற்ற பட்டம். விடுதலைப் போராட்டத்தில் பலமுறை சிறை சென்றார். 1956இல் அரியலூர் அருகே ரயில் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, அதற்குப் பொறுப்பேற்று ரயில்வே அமைச்சர் பதவியைத் துறந்தார்.

1964 ஜூனில் அவர் பிரதமரானபோதே நாட்டில் உணவுத் தட்டுப்பாடு இருந்தது. மறு ஆண்டு பருவமழை பொய்த்தது. பாகிஸ்தானுடன் போரும் மூண்டது. அமெரிக்காவிலிருந்து வரும் கோதுமைக் கப்பல்களை நம்பியே பல நகரங்கள் வாழ்ந்தன.

வாரத்தில் ஒரு வேளை உணவைத் தவிர்க்கும்படி மக்களைக் கேட்க நினைத்தார் சாஸ்திரி. அதற்கு முன், தம் வீட்டில் ஓர் இரவு சமைக்க வேண்டாம் என்று மனைவி லலிதா தேவியிடம் சொன்னார். தம் பிள்ளைகளால் பசி தாங்க முடிகிறதா என்று பார்த்த பிறகே நாட்டைக் கேட்டதாக அவருடைய குடும்பத்தினர் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளனர். தம் அரசு இல்லத்துப் புல்வெளியையும் உழுது பயிரிட்டார்.

மக்கள் அவருடைய சொல்லை ஏற்றனர். திங்கட்கிழமை மாலைகளில் பல வீடுகளில் அடுப்பு எரியவில்லை. உணவகங்களும் கதவடைத்தன.

நான் இத்துடன் பேச்சை முடித்தேன். உடனே ஒரு தோழி எழுந்து கேட்டாள்: ஏற்கெனவே ஒரு வேளை மட்டும் உண்ணும் ஏழை எதைத் தவிர்ப்பான்? பட்டினி கிடந்தால் நெல் விளையுமா? என்னிடம் பதில் இல்லை. அன்று மாலை மீண்டும் நூலகத்துக்குப் போனேன்.

அவள் கேட்டது சரிதான். பட்டினியால் நெல் விளையாது. சாஸ்திரிக்கும் அது தெரிந்திருந்தது. இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரி 14ஆம் தேதி தஞ்சாவூரில் பணியைத் தொடங்கியது அவருடைய ஆட்சியில்தான். விளைபொருளுக்கு நியாயமான விலையைப் பரிந்துரைக்க ஓர் ஆணையமும் அதே ஆண்டில் அமைந்தது. உணவு அமைச்சராக அவர் நியமித்த சி. சுப்பிரமணியம், அதிக விளைச்சல் தரும் புதிய கோதுமை விதைகளைக் கொண்டுவரப் பாடுபட்டார். 1968இல் கோதுமை விளைச்சல் அதுவரை காணாத அளவை எட்டியது. அதைப் பார்க்க சாஸ்திரி இல்லை. 1966 ஜனவரி 11ஆம் தேதி தாஷ்கண்டில் அவர் காலமாகிவிட்டார்.

நாட்டின் பசியைத் தீர்த்தவை விதையும் நீரும் உரமும் உழவர் உழைப்புமே. ஆனால், அவை பலன் தரும்வரை மக்களைப் பொறுத்திருக்கச் சொல்லும் தகுதியை அந்தச் சமைக்காத இரவு அவருக்குத் தந்தது என்று நினைக்கிறேன். மறுநாள் தோழியிடம் இதைச் சொன்னேன். இதை நேற்றே பேசியிருக்கலாமே என்றாள்.

சிற்றுண்டிச்சாலையில் பாதிச் சோற்றை வீணாக்குவது என் வழக்கம். அன்று முதல், வாங்கும்போதே பாதி போதும் என்று சொல்லிவிடுகிறேன்.