ஊர்தோறும் சென்ற பேறுகாலப் பள்ளி

பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரான்சில் சிற்றூர்ப் பெண்களுக்கு மகப்பேறு உயிர்ப்போராட்டமாகவே இருந்தது. அங்குப் பேறு பார்த்த பெண்டிர் பலர் முறையான பயிற்சியோ எழுத்தறிவோ பெறாதவர்கள். அவர்களுக்குக் கற்பிப்பதையே வாழ்நாள் தொண்டாகக் கொண்டவர் ஆஞ்செலிக் து குத்ரே அம்மையார்.

பாரிசில் மருத்துவச்சியாகத் தேர்ச்சி பெற்ற அவர், பின்னர் ஓவெர்ன் பகுதியில் பணியாற்றினார். நூல் பயிலாதவர்க்குத் தொட்டறியும் கல்வியே ஏற்றது என உணர்ந்தார். துணியும் தோலும் பஞ்சும் கொண்டு தாயின் இடுப்புப் பகுதியையும் சேயையும் உருவமைத்தார். கருவில் குறுக்கே கிடக்கும் குழந்தையைத் திருப்பி எடுக்கும் முறையை மாணவியர் அவ்வுருவத்தில் பழகினர். அங்கு நேரும் பிழையால் எவ்வுயிருக்கும் தீங்கில்லை.

1759ஆம் ஆண்டு, நாடெங்கும் சென்று கற்பிக்குமாறு மன்னர் பதினைந்தாம் லூயி அவருக்கு ஆணை வழங்கினார். அவ்வாண்டிலேயே அவரது பாடநூலும் வெளிவந்தது. 1767இல் அவருக்கு ஆண்டுக்கு 8000 லீவர் ஊதியம் உறுதியாயிற்று. மாகாண ஆட்சியாளர்கள் பயிற்சிக்கு இடமளித்தனர். பல இடங்களில் மாணவியரின் செலவையும் ஏற்றனர். பயிற்சி ஏறத்தாழ இரண்டு மாதங்கள் நடைபெற்றது. தாம் நீங்கிய பின்னும் கல்வி தொடரவேண்டும் என எண்ணிய அம்மையார், உள்ளூர் அறுவை மருத்துவர்களையும் ஆசிரியர்களாகப் பயிற்றுவித்தார். பயிற்சி உருவங்களையும் அவ்வூர்களுக்கு வழங்கச் செய்தார்.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஊர்ஊராகச் சென்று ஆயிரக்கணக்கான பெண்களைப் பயிற்றுவித்த அவர், 1794இல் போர்தோ நகரில் மறைந்தார். அவரது பயிற்சி உருவங்களுள் ஒன்று ரூவான் நகர அருங்காட்சியகத்தில் இன்றும் காக்கப்படுகிறது. ஒருவரது திறன் கடைக்கோடிச் சிற்றூரையும் சென்றடைய அரசின் துணை இன்றியமையாதது என்பதை அவரது வாழ்வு உணர்த்துகிறது.