பிரேக்குக்குள் இருக்கும் பாஸ்கல்

மணப்பாறை மாட்டுச் சந்தை நாடெங்கும் பெயர் பெற்றது. அங்கே வாங்கிய மாட்டை வண்டியில் பூட்டி ஓட்டுகிறவருக்கு வண்டியை நிறுத்துவது பெரிய காரியம் அல்ல. மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பிடித்தால் போதும். மாடு நிற்கும், வண்டியும் நிற்கும்.

அதே மணப்பாறைப் பக்கமாகத்தான் திருச்சியிலிருந்து திண்டுக்கல்லுக்குச் சாலை போகிறது. அதில் பாய்ந்து வரும் காருக்கு மூக்கும் இல்லை, கயிறும் இல்லை. டிரைவர் காலால் ஒரு பெடலை மிதிக்கிறார். ஆயிரம் கிலோ கனமுள்ள கார் அடங்கி நிற்கிறது.

ஆனால் சில சமயம் அந்தப் பெடல் மோசம் செய்துவிடும். மிதித்தால் கெட்டியாக நிற்காது. பஞ்சு மூட்டையை மிதித்ததுபோல அமுங்கிக்கொண்டே போகும். கார் நிற்கவேண்டிய இடத்தில் நிற்காது. அனுபவமுள்ள மெக்கானிக் ஒரு தடவை மிதித்துப் பார்த்ததுமே, பிரேக்கில் காற்றுப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

காற்றுப் புகுந்தால் பிரேக் ஏன் கெடுகிறது? எண்ணெய் இருந்தால் ஏன் பிடிக்கிறது? இந்த இரண்டு கேள்விகளுக்கும் வழிகாட்டியவர் ஒருவரே. அவர் மோட்டாரைக் கண்ணால் கண்டதில்லை. மோட்டார் பிறப்பதற்கு 200 ஆண்டுகளுக்கும் முன்பே இறந்துவிட்டார். அவர் வாழ்ந்ததும் 39 ஆண்டுகள்தான்.

அவர் பெயர் பிளேஸ் பாஸ்கல்.

தாயை இழந்த பிள்ளை

பிரான்சு தேசத்தில் கிளேர்மோன் என்று ஒரு மலைநாட்டு ஊர். அங்கே 1623-ம் ஆண்டு ஜூன் 19-ந் தேதி பாஸ்கல் பிறந்தார். தகப்பனார் எத்தியேன், வரி வழக்குகளைக் கவனிக்கும் நீதிமன்றத்தில் அதிகாரி. கில்பெர்த் என்று ஓர் அக்காள். ஜாக்குலின் என்று ஒரு தங்கை.

பாஸ்கலுக்கு மூன்று வயதானபோது தாயார் இறந்துபோனார். தகப்பனார் மறுமணம் செய்துகொள்ளவில்லை. 1631-ல் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பாரிஸ் நகரத்துக்குக் குடி வந்தார். மகனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் தாமே பாடம் சொல்லிக் கொடுத்தார்.

தகப்பனாருக்குக் கணிதம் நன்றாகத் தெரியும். ஆனால் மகனுக்கு அதை மட்டும் சொல்லித் தரவில்லை. அந்த ருசி கண்டால் மற்றப் படிப்பைப் பையன் விட்டுவிடுவான் என்று பயந்தார். கணிதப் புத்தகங்களை ஒளித்து வைத்தார்.

மறைத்த பொருள் மேல்தானே பிள்ளை மனம் போகும்! 12 வயதுப் பாஸ்கல் கரித்துண்டால் தரையில் கோடுகளும் வட்டங்களும் போட்டுப் பார்த்தான். அவற்றுக்குத் தானே பெயர் வைத்துக்கொண்டான். முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கூட்டினால் இரண்டு செங்கோணம் என்பதற்கு யாரும் சொல்லித் தராமலேயே வழி கண்டான். அதைப் பார்த்த தகப்பனாருக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அன்று முதல் கணிதப் புத்தகம் பையன் கைக்கு வந்தது.

அப்பாவுக்காக ஒரு யந்திரம்

பிறகு தகப்பனாருக்கு ரூவான் என்ற ஊரில் வரி வசூல் வேலை கிடைத்தது. இரவு பகலாகக் கூட்டல், கழித்தல்! அவர் படும் பாட்டை மகன் பார்த்தார். 1642-ல், 19 வயது நிரம்புவதற்குள், பல்சக்கரங்களால் கணக்குப் போடும் யந்திரம் ஒன்றைச் செய்யத் தொடங்கினார்.

ஒரே முயற்சியில் வெற்றி வரவில்லை. ஏறக்குறைய 50 மாதிரிகளைச் செய்து பார்த்தார். கடைசியில் யந்திரம் வேலை செய்தது. ஆனால் விலை அதிகம். ஆகவே அதிகம் விற்கவில்லை. இன்றைய கணக்கு யந்திரங்களின் மூதாதைகளில் அதுவும் ஒன்று.

அந்த உழைப்பு அவர் உடம்பைக் கெடுத்தது. 18 வயதுக்குப் பிறகு வலி இல்லாமல் அவர் கழித்த நாளே கிடையாது என்று அக்காள் கில்பெர்த் எழுதி வைத்திருக்கிறார்.

மலை ஏறிய பாதரசம்

அந்தக் காலத்தில் இத்தாலி நாட்டு டாரிசெல்லி ஒரு புதுமை செய்து காட்டியிருந்தார். ஒரு பக்கம் மூடிய கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பி, பாதரசக் கிண்ணத்தில் தலைகீழாக நிறுத்தினார். பாதரசம் முழுவதும் இறங்கிவிடவில்லை. சுமார் 76 சென்டிமீட்டர் உயரத்தில் நின்றுவிட்டது. அதைத் தாங்கி நிறுத்துவது எது?

வெளியே உள்ள காற்றின் கனம்தான் என்று டாரிசெல்லி நினைத்தார். பெரிய பண்டிதர்கள் பலர் இதை ஏற்கவில்லை. பாஸ்கல் வாதத்தோடு நின்றுவிடவில்லை. சோதித்துப் பார்க்க வழி தேடினார்.

காற்றுக்குக் கனம் உண்டென்றால் நாம் எல்லோரும் காற்றுக் கடலின் அடியில் இருக்கிறோம். மலை மேல் ஏறினால் தலைக்கு மேலுள்ள காற்று குறையும். பாதரசமும் இறங்கவேண்டும்!

பாஸ்கல் அப்போது பாரிஸில் இருந்தார், நோயாளி. அக்காள் புருஷர் பெரியே கிளேர்மோனில் இருந்தார். அந்த ஊருக்குப் பக்கத்தில் 1,465 மீட்டர் உயரமான மலை ஒன்று உண்டு. பாஸ்கல் அவருக்குக் கடிதம் எழுதினார். 1648-ம் ஆண்டு செப்டம்பர் 19-ந் தேதி பெரியே, ஊர்ப் பெரியவர்கள் சிலரைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு மலை ஏறினார். ஒரு குழாயை அடிவாரத்தில் நிறுத்தி அதற்கு ஒருவரைக் காவல் வைத்தார்.

உச்சியில் பாதரசம் சுமார் 3 அங்குலம் இறங்கியிருந்தது. அடிவாரத்தில் நிறுத்திய குழாயில் நாள் முழுவதும் மாற்றமே இல்லை. காற்றுக்குக் கனம் உண்டு என்பது தெளிவாகிவிட்டது.

திருச்சி மலைக்கோட்டை உச்சிக்கு அதே குழாயைக் கொண்டுபோனாலும் பாதரசம் இறங்கும். மலை சிறியது, ஆகவே ஏறக்குறைய கால் அங்குலம்தான்.

இன்னொரு உண்மையையும் பாஸ்கல் விளக்கினார். உயரமாகக் குவித்த ஆட்டு ரோமத்தில் அடியில் இருப்பது மேலே உள்ள பாரத்தால் அமுங்கிக் கிடக்கும். காற்றும் அப்படித்தான். அழுத்தினால் சுருங்கும், விட்டால் விரியும்.

சிறுவனும் யானையும்

அடுத்து நீரை ஆராய்ந்தார். நீர் காற்றைப் போல அமுங்காது. மூடிய பாத்திரத்தில் உள்ள நீரை ஓரிடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் சிறிதும் குறையாமல் எல்லாப் பக்கமும் பரவுகிறது. இதுவே பாஸ்கல் விதி.

நீர் நிறைந்த பாத்திரத்துக்கு இரண்டு வாய்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாய் சிறியது. மற்றது அதைப்போல் நூறு மடங்கு பெரியது. இரண்டையும் பிஸ்டனால் அடைக்கிறோம். சிறிய பிஸ்டனை ஓர் ஆள் அழுத்தினால் பெரிய பிஸ்டனை அழுத்தும் நூறு ஆட்களுக்குச் சமம் என்று பாஸ்கல் காட்டினார்.

நம் ஊர்க் கணக்கில் சொன்னால், சிறிய பிஸ்டன் மேல் 40 கிலோ எடையுள்ள சிறுவன். பெரிய பிஸ்டன் மேல் 4,000 கிலோ எடையுள்ள கோயில் யானை. தராசு சமமாக நிற்கும்!

ஆனால் இயற்கை எதையும் இனாமாகத் தருவதில்லை. யானையை ஓர் அங்குலம் தூக்கவேண்டுமானால் சிறுவன் நூறு அங்குலம் இறங்கவேண்டும். பலம் பெருகினால் தூரம் குறையும். இதையும் பாஸ்கலே கூறியிருக்கிறார்.

பெடல் ஏன் பஞ்சாகிறது?

இந்த விதியைக் கொண்டு இங்கிலாந்தில் பிராமா என்பவர் 1795-ல் நீர் அழுத்த யந்திரம் செய்தார். பிறகு அமெரிக்காவில் மால்கம் லாக்கீட் என்பவர் அதையே மோட்டார் பிரேக்குக்குக் கொண்டுவந்தார். 1921-ல் நான்கு சக்கரத்துக்கும் இந்தப் பிரேக் உள்ள கார்கள் விற்பனைக்கு வந்தன. இன்று கார்களில் எல்லாம் இதுதான். பெரிய பஸ்களிலும் லாரிகளிலும் காற்று பிரேக் வைக்கிறார்கள். அது வேறு ஏற்பாடு.

கார் பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரில் உள்ள பிஸ்டன் எண்ணெயைத் தள்ளுகிறது. எண்ணெய் அமுங்காது அல்லவா? மிதித்த வேகம் குழாய் வழியே நான்கு சக்கரங்களுக்கும் உடனே போய்ச் சேருகிறது. பெடல் சில அங்குலம் இறங்கினாலும் சக்கரத்தில் உள்ள பிஸ்டன் ஒரு நூல் அளவுகூட நகர்வதில்லை. சிறுவனும் யானையும் கதைதான்!

இந்தக் குழாயில் ஒரு சிறு காற்றுக் குமிழி புகுந்தால் என்ன ஆகும்? காற்று அமுங்கும். மிதித்த தூரமெல்லாம் குமிழியை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடும். சக்கரத்துக்கு எதுவும் போய்ச் சேராது. பெடல் பஞ்சாவது இதனால்தான்.

காற்று எப்படிப் புகுகிறது? எண்ணெய் ஒழுகி அளவு குறைந்தால் புகும். பிரேக் வேலை பார்த்தபின் காற்றைச் சரியாக எடுக்காமல் விட்டாலும் தங்கிவிடும். பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது. நாட்பட்ட ஆயிலில் நீர் சேர்ந்துவிடும். மலைப் பாதையில் பிரேக்கை விடாமல் மிதித்து இறங்கினால் அந்த நீர் சூட்டில் கொதித்து ஆவியாகும். ஆவியும் காற்றைப்போல் அமுங்கும்.

கோளாறைக் கண்டுபிடிக்க வழி உண்டு. முதலில் ஆயில் டப்பாவில் அளவைப் பார்க்கவேண்டும். சக்கரத்தின் உட்பக்கம் ஈரம் கசிகிறதா என்று பார்க்கவேண்டும். காரை நிறுத்திவைத்துப் பெடலை நாலைந்து முறை அடுத்தடுத்து மிதித்தால் கெட்டியாகிறதா? அப்படியானால் பெரும்பாலும் காற்றுதான் காரணம். மிதித்தபடியே இருக்கும்போது மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறதா? அப்படியானால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் உள்ளே ரப்பர் தேய்ந்திருக்கிறது.

காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்கவேண்டும். மற்றவர் சக்கரத்தில் உள்ள நிப்பிளைத் திறந்து, குமிழியோடு ஆயிலை வெளியே விட்டு, கால் எடுக்குமுன் நிப்பிளை மூடிவிடவேண்டும். முந்திக் காலை எடுத்தால் புதுக் காற்று உள்ளே போய்விடும்! குமிழி நிற்கும் வரை இப்படியே ஒவ்வொரு சக்கரமாகச் செய்யவேண்டும். டப்பாவில் ஆயில் குறையவும் விடக்கூடாது. அந்தக் காருக்கு உரிய பிரேக் ஆயிலையே ஊற்றவேண்டும். என்ஜின் ஆயிலோ மண்ணெண்ணெயோ பட்டால் ரப்பர் உப்பிக் கெட்டுவிடும். இந்த வேலை தெரியாதவர்கள் செய்யத் தகாது. பெடல் பஞ்சாகிவிட்டால், மெக்கானிக் பார்க்கும் வரை காரை எடுக்காமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

ஏழைகளுக்கு எண்ணிய வண்டி

பாஸ்கல் ஒரு தடவை குதிரை வண்டியில் போகும்போது குதிரைகள் மிரண்டு பாலத்தின் விளிம்புக்கு ஓடின என்றும், வார் அறுந்ததால் அவர் உயிர் தப்பினார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. அதற்கு உறுதியான சான்று இல்லை. 1654-ம் ஆண்டு நவம்பர் 23-ந் தேதி இரவு அவர் மனம் தெய்வ பக்தியில் ஆழ்ந்தது என்பது மட்டும் நிச்சயம். அன்றைய அனுபவத்தைத் தோல் ஏட்டில் எழுதி, சட்டைக்குள் தைத்து வைத்துக்கொண்டார். அவர் இறந்த பிறகுதான் அது மற்றவர்களுக்குத் தெரிந்தது.

அதன்பின் ஆடம்பரத்தை ஒதுக்கினார். 1661-ல் அருமைத் தங்கை ஜாக்குலின் இறந்தாள். நோய் முற்றியது. அந்த நிலையிலும் பாஸ்கலுக்கு ஒரு யோசனை தோன்றியது. பாரிஸில் சொந்த வண்டி உள்ளவர்களுக்குத்தான் வசதி. எல்லோரும் காசு கொடுத்து ஏறிப்போகும் வண்டி இருந்தால் என்ன?

ராஜா 14-ம் லூயி அனுமதி அளித்தார். 1662-ம் ஆண்டு மார்ச் 18-ந் தேதி வண்டிகள் ஓடத் தொடங்கின. குறித்த வழி, குறித்த நேரம், ஐந்து சோல் நாணயம் கட்டணம். கூட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வண்டி புறப்படும். இன்றைய டவுன் பஸ்ஸின் முன்னோடி அதுதான்! அதில் வரும் தம் பங்கு லாபத்தைப் பஞ்சத்தில் வாடிய ஏழைகளுக்குக் கொடுக்க விரும்பினார் பாஸ்கல்.

ஆனால் பாரிஸ் உயர்நீதிமன்றம் ஒரு நிபந்தனை விதித்தது. சிப்பாய்களும் வேலைக்காரர்களும் கூலியாட்களும் அந்த வண்டியில் ஏறக்கூடாது! எல்லோருக்கும் என்று எண்ணிய வண்டியில் ஏழைக்கு இடம் இல்லாமல் போயிற்று. சில ஆண்டுகளில் அந்த வண்டிகளும் நின்றுபோயின.

பாஸ்கல் அப்போது தம் வீட்டில் ஓர் ஏழைக் குடும்பத்தைக் குடிவைத்திருந்தார். அந்தக் குடும்பத்துப் பிள்ளைக்கு அம்மை கண்டது. பிள்ளையை அப்புறப்படுத்த அவருக்கு மனம் வரவில்லை. சாகக் கிடந்த அவரே வீட்டை விட்டு அக்காள் வீட்டுக்குப் போனார். அங்கேயே 1662-ம் ஆண்டு ஆகஸ்டு 19-ந் தேதி காலமானார்.

நீரையும் காற்றையும் பற்றி அவர் எழுதிய நூல்கள் மறு ஆண்டுதான் அச்சாயின. 1971-ல் உலக நாடுகள் அழுத்தத்தை அளக்கும் அலகுக்குப் பாஸ்கல் என்றே பெயர் சூட்டின.

அவர் வண்டியில் அன்று ஏறமுடியாத கூலியாளின் பரம்பரையினர் இன்று மணப்பாறை பஸ்ஸில் உரிமையோடு ஏறி உட்காருகிறார்கள். சாலையின் குறுக்கே குழந்தை ஓடினால் கார் டிரைவரின் கால் பெடலுக்குப் போகிறது. குழாயில் காற்று இல்லாமல் எண்ணெய் மட்டும் இருந்தால், பாஸ்கல் கண்ட விதி அந்தக் குழந்தையைக் காப்பாற்றிவிடும்.