காம்பென் நகரத்து வைத்தியர்

1930-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியாரும் அவருடன் நடந்த தொண்டர்களும் வேதாரண்யம் சேர்ந்து உப்பு அள்ளிய வரலாற்றை நம் நேயர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. தொண்டர்களுக்கு அன்னமிடுவோர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சை ஜில்லா கலெக்டர் தார்ன் எச்சரித்தும், ஜனங்கள் மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டிவைத்து மறைந்தனர். அந்நியன் ஆட்சியில் சாமானியர் தம் கடமையைச் செய்த விதம் அது. சில வருஷங்களுக்குப் பின், ஹாலந்து தேசத்தில் அந்நியப் படையின் கண்ணெதிரே ஒரு வைத்தியர் செய்த காரியமும் அவ்வகையைச் சேர்ந்ததே.

வில்லெம் கோல்ஃப் 1911-இல் லெய்டன் நகரில் ஒரு வைத்தியரின் புதல்வராகப் பிறந்தார். க்ரோனிங்கன் ஆஸ்பத்திரியில் இளம் வைத்தியராயிருக்கையில், ஏழைக் குடியானவர் ஒருவரின் 22 வயது மகன் மூத்திரப் பிண்டங்கள் கெட்டு, மெல்ல மெல்ல மாண்டதை அவர் பார்த்திருக்க நேர்ந்தது. சிறுநீரகம் என்று இன்று நாம் வழங்கும் இவ்வுறுப்புக்கள் நின்றுவிட்டால் யூரியா முதலிய கழிவுகள் இரத்தத்திலேயே தங்கிவிடும். தினந்தோறும் சிறிதளவு யூரியாவை அகற்ற முடிந்தால் இப்பிள்ளை பிழைத்திருப்பானே என்ற ஏக்கம் அவரை விடவில்லை. அமெரிக்காவில் ஏபெல் 1913-இல் நாய்களிடத்தும், ஜெர்மனியில் ஹாஸ் 1924-இல் மனிதரிடத்தும் இவ்வழியில் முயன்றிருந்தனர், பலன் கைகூடவில்லை.

1940 மே மாதம் ஜெர்மானியர் ஹாலந்தில் புகுந்தனர். கோல்ஃபின் தலைமை ஆசிரியர் யூதர். அவரும் அவர் மனைவியும் தற்கொலை செய்துகொண்டனர். அவ்விடத்தில் நாஜிக் கட்சியார் ஒருவர் அமர்த்தப்படவே, அவரின் கீழ் வேலை செய்ய மனமின்றி கோல்ஃப் காம்பென் என்ற சிற்றூர் ஆஸ்பத்திரிக்குச் சென்றார். யுத்த காலம், எதுவும் கிடைக்காது. மாமிசப் பண்டம் பொதியும் செல்லோபேன் குழாயை மரச்சட்டங்களாலான உருளையில் சுமார் 20 மீட்டர் சுற்றினார். உள்ளூர் எனாமல் தொழிற்சாலையின் தலைவர் தொட்டி செய்து கொடுத்தார். போர்டு காரின் தண்ணீர்ப் பம்பிலிருந்து இணைப்பு முறையைக் கற்றார். தொட்டியில் நிரப்பியது வேறொன்றுமல்ல: உப்பும் சோடா உப்பும் குளுக்கோஸும் கரைத்த நீர். உருளை சுழலச் சுழல, குழாயினுள் ஓடும் இரத்தத்தின் கழிவு மெல்லிய உறையைக் கடந்து அந்நீரில் இறங்கிவிடும். இதுவே டயாலிஸிஸ்.

1943-இல் தொடங்கி முதலிரண்டு ஆண்டுகளில் யந்திரத்தில் கிடத்தப்பட்ட சுமார் 15 பேரில் ஏறக்குறைய அனைவரும் மாண்டனர். இது கொடுமையன்றோ என்று கேட்போர் இருக்கலாம். அவர்கள் வேறு எவ்வழியாலும் பிழைக்கக் கூடியவர்களல்லர் என்பதை மறந்து தீர்ப்புச் சொல்லலாகாது என்பது நம் அபிப்பிராயம். அதே சமயத்தில் அவர் பலருக்குப் பொய்யான நோய் கற்பித்து, ஜெர்மானியர் கைக்குச் சிக்காமல் காத்தும் வந்தார்.

1945 செப்டம்பரில், ஹாலந்து விடுதலை பெற்ற பின், 67 வயதுக் கிழவி ஒருத்தி நினைவிழந்த நிலையில் கொண்டுவரப்பட்டாள். நாஜிகளுக்குத் துணைபோனதற்காகச் சிறையிலிருந்தவள் அவள். அவள் கழுத்தை நெரிக்க விரும்பியோர் அவ்வூரில் அநேகர். கோல்ஃபோ யந்திரத்தைச் சுழலவிட்டார். பல மணி நேரத்திற்குப் பின் அவள் கண் விழித்தாள். செயற்கைச் சிறுநீரகத்தால் உயிர் மீண்ட முதல் மனுஷி அவளே. விழித்ததும் அவள் பேசியது, நாஜிகளை வெறுத்த தன் கணவனை விவாகரத்து செய்யப் போவதைப் பற்றித்தானாம்! அப்படியே செய்து, மேலும் பல வருஷம் வாழ்ந்தாள். தேசபக்தர்களாகிய நாம் அந்த இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை.

யுத்தம் முடிந்ததும் தம் யந்திரங்களை லண்டன், நியூயார்க் முதலிய நகரங்களின் ஆஸ்பத்திரிகளுக்கு விலையின்றியே அனுப்பினார். 1950-இல் அமெரிக்கா சென்றார். 1967 முதல் யூட்டா சர்வகலாசாலையில் செயற்கை இருதய ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தார். 1982-இல் அவ்விருதயம் பொருத்தப்பட்டவர் 112 நாள் ஜீவித்திருந்தார். துணி துவைக்கும் யந்திரத்தைக் கூட டயாலிஸிஸ் யந்திரமாக்கி வீடுகளுக்குக் கொடுக்க முயன்ற மனிதர் இவர். 2009 பிப்ரவரியில், 98 வயது நிறைய மூன்று நாள் இருக்கையில் காலமானார்.

வேதாரண்யத்தை அடுத்த அகஸ்தியம்பள்ளி உப்பளங்களில் இன்றும் ஜனங்கள் வெயிலில் உப்பு வாருகின்றனர். கடும் வெப்பத்தில் போதிய நீரின்றி உழைப்போரின் சிறுநீரகங்கள் கேடுறுவதைத் தமிழ்நாட்டு உப்பளங்களில் நடந்த ஆராய்ச்சி எடுத்துக் காட்டியிருக்கிறது. டயாலிஸிஸ் பெரும்பாலும் வாரத்திற்கு மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம். உப்பளத்துக் கூலிக்காரனுக்கு, யந்திரத்துக்குக் காசு வாங்காவிடினும், வாரத்தில் மூன்று நாள் கூலி போய்விடும்.