அடி எண்ணியே திபெத்தை அளந்தவர்

மார்கழிப் பனிக்கே அண்ணாகிராமத்துல நாம காதை மூடிக்கிறோம். நைன் சிங் ராவத் கடுங்குளிர்ல இமயமலையைத் தாண்டி, 1866 ஜனவரியில திபெத்தின் லாசாவுக்கு நடந்தே போய்ச் சேர்ந்தவர்.

1830-ல் குமாவுன் மலைப்பகுதியில் மிலம் கிராமத்தில் பிறந்தார். பள்ளிக்கூட வாத்தியார். அப்போ திபெத்துக்குள்ள வெளியாட்களுக்குத் தடை; மாட்டினா உயிருக்கே ஆபத்து. கருவியைத் தூக்கிட்டுப் போய் அளக்க முடியாது. அதனால பிரிட்டிஷ் சர்வே துறை டேராடூன்ல அவருக்கு ஒரே அளவா அடி எடுத்து வைக்கப் பயிற்சி கொடுத்தது.

108 மணி இருக்க வேண்டிய ஜபமாலையில 100 மணிதான் இருந்துச்சு. நூறு அடிக்கு ஒரு மணி தள்ளுவார். ஒரு சுற்று முடிஞ்சா 10,000 அடி, சுமார் 8 கிலோமீட்டர். குறிப்பெல்லாம் பிரார்த்தனைச் சக்கரத்துக்குள்ள. தண்ணி கொதிக்கிற வெப்பநிலை மேலே போகப் போகக் குறையும். அதை வச்சு உயரத்தைக் கணக்குப் போட்டார்.

வியாபாரிகளோட பாதி வழி நடந்தாலும், எண்ணுற வேலை அவர் ஒருத்தருக்குத்தான். ஏற்றம், பனி, மூச்சுத் திணறல் எது வந்தாலும் அடியோட அளவும் மாறக் கூடாது, எண்ணிக்கையும் தவறக் கூடாது.

1877-ல் லண்டன் ராயல் ஜியோகிராபிக்கல் சொசைட்டி அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது. சர்வே லேப்ல அடி எண்ணி தூரம் அளக்கும்போது அவரை நினைச்சுக்குங்க. அதே கணக்குதான்.