பாடியவரும் கேட்டவரும்: முசிரி சுப்பிரமணிய ஐயர்

மேடை ஏறுவதற்குத் துணிவு வேண்டும். மேடையிலிருந்து உரிய காலத்தில் இறங்குவதற்கு அதனினும் பெரிய துணிவு வேண்டும். கவிஞர்க்கும் இது பொருந்தும், பாடகர்க்கும் பொருந்தும். கைதட்டல் ஓயுமுன் தாமே எழுந்து சென்று, எஞ்சிய வாழ்நாளைப் பிறர் பாடுவதைக் கேட்கவும், திருத்தவும், தரம் காணவும் செலவிட்ட இசைவாணர் தமிழகத்தில் மிகச் சிலரே. அந்தச் சிலருள் முதல் வரிசையில் நிற்பவர் முசிரி சுப்பிரமணிய ஐயர்.

திருச்சி மாவட்டத்தில் முசிரியை அடுத்துள்ள பொம்மலப்பாளையம் என்னும் சிற்றூரில் 1899 ஏப்ரல் 9ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் சங்கர சாஸ்திரி வடமொழி வல்லவர். சொல்லுக்குப் பொருள் தெரிந்த பிறகே அதனை உச்சரிக்க வேண்டும் என்ற ஒழுங்கு அந்த வீட்டின் சூழலிலேயே இருந்திருக்க வேண்டும். பின்னாளில் அவர் பாட்டில் எல்லோரும் போற்றிய சொல்தெளிவுக்கு வேர் அங்கேதான் இருந்தது என்று கொள்ள இடமுண்டு.

முதலில் எஸ். நாராயணசுவாமி ஐயரிடமும், பின்னர் பிடில் வித்துவான் கரூர் சின்னசாமி ஐயரிடமும் பயின்றார். இறுதியாக அவர் சேர்ந்த இடம் டி. எஸ். சபேச ஐயரின் இல்லம். மகா வைத்தியநாத ஐயரின் வழியில் வந்த சபேச ஐயரிடம் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அவர் கற்றார். அந்தச் சபேச ஐயரே பின்னர்ச் சிதம்பரத்தில் ராஜா அண்ணாமலை செட்டியார் நிறுவிய இசைக் கல்லூரிக்குத் தலைமை ஏற்றார். சிதம்பரமும் நம் கள்ளக்குறிச்சியும் அந்நாளில் ஒரே தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தவை. ஆசிரியர் வீட்டுத் திண்ணையிலிருந்து கல்லூரி வகுப்பறைக்கு இசைக்கல்வி குடிபெயர்ந்த அந்தத் திருப்பத்தில் குருவும் சீடரும் அடுத்தடுத்து நின்றார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

1920இல் முசிரியின் கச்சேரி வாழ்வு தொடங்கியது. ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. கோயில் திருவிழாப் பந்தலின் கடைசி வரிசைக்கும் குரல் எட்ட வேண்டும். நாடக மேடையில் எஸ். ஜி. கிட்டப்பா உயர்ந்த சுருதியில் பாடி மக்களைக் கட்டிப்போட்டிருந்த ஆண்டுகள் அவை. முசிரியின் சாரீரமும் உயர்ந்த சுருதிக்கு இசைந்தது. ஆனால் உயரத்தை அவர் வேடிக்கையாகக் காட்டவில்லை. மேல் ஸ்தாயியில் நின்றபடி விளம்ப காலத்தில், அவசரம் இன்றி, ஒரு சொல்லை உருக்கி உருக்கிப் பாடுவது அவருடைய தனி வழியாயிற்று. பிடிலில் பாப்பா வெங்கடராமையா துணையிருக்க, அவர் கச்சேரிகள் தமிழகமெங்கும் பெயர் பெற்றன.

அவர் புகழுக்கு நிலைக்களமாக இருந்தது நிரவல். பாட்டின் ஒரு வரியை எடுத்துக்கொண்டு, தாளத்தில் அதன் சொற்கள் விழும் இடம் மாறாமல், ராகத்தின் வழியே அதைப் பலபடியாக விரிப்பதற்கு நிரவல் என்று பெயர். கேட்பதற்கு எளிது, செய்வதற்குக் கடினம். ராகம் விரியும்போது சொல் சிதைந்தால் பொருள் போய்விடும். சொல்லைக் காப்பாற்றுகிறேன் என்று ராகத்தைச் சுருக்கினால் இசை போய்விடும். நெடிலைக் குறிலாக்கி, ஒரு சீரை நடுவில் பிளந்து, அடுத்த சீரோடு ஒட்டிப் பாடும் வழக்கம் மேடைகளில் மலிந்திருந்தது. இன்றும் அது ஒழிந்ததாகச் சொல்ல முடியாது. முசிரியின் நிரவலில் வரி முழுதாக நின்றது. பத்து முறை திரும்பி வந்தாலும் ஒவ்வொரு முறையும் அதே வரி வேறொரு மனநிலையோடு வந்தது. கவிதை எழுதுவோர் அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டிய இடம் இதுவே: சொல் குறையாமல் உணர்ச்சி பெருகலாம் என்பதற்கு அவருடைய நிரவல் சான்று.

தமிழ்ப் பாட்டைத் துக்கடாவாக ஒதுக்கிக் கச்சேரியின் கடைசியில் வைத்த காலத்தில், கோபாலகிருஷ்ண பாரதியாரின் திருவடி சரணம் என்னும் காம்போதி கீர்த்தனையும், நீலகண்ட சிவனின் என்றைக்கு சிவகிருபை என்னும் முகாரி கீர்த்தனையும் அவர் பெயரோடு இணைத்துப் பேசப்பட்டன. தமிழிசை இயக்கம் 1940களில் எழுப்பிய வாதங்கள் பல. அவற்றுக்கு நடுவே, தமிழ்ச் சொல்லால் ஒரு பெரிய ராகத்தின் முழுக் கனத்தையும் தாங்க முடியும் என்பதற்கு இத்தகைய பாடல்கள் பாடிக் காட்டிய விடையாக அமைந்தன.

1938இல் பி. என். ராவ் இயக்கத்தில் கோயமுத்தூர் சென்ட்ரல் ஸ்டுடியோவில் உருவான துக்காராம் என்னும் படத்தில் அவர் தலைமை வேடம் ஏற்றார். இசைவாணர் பலர் திரைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்ட காலம் அது. முசிரி அந்த ஒரு படத்தோடு திரும்பிவிட்டார். எங்கே நிற்க வேண்டும், எங்கிருந்து விலக வேண்டும் என்ற அளவறிவு அவரிடம் முதலில் வெளிப்பட்ட இடமாக இதைக் கொள்ளலாம்.

நடுவர் இருக்கை அவரைத் தேடி வந்ததும் அக்காலத்திலேதான். 1927இல் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது நடந்த இசை மாநாட்டின் பயனாக 1928இல் மியூசிக் அகாதெமி தோன்றியது. ஆண்டுதோறும் மார்கழியில் மாலை வேளைகளில் கச்சேரியும், காலை வேளைகளில் வித்துவான்கள் கூடும் அறிஞர் குழுவின் விவாதமும் என அதன் மாநாடு அமைந்தது. ஒரு ராகத்துக்கு எந்த ஸ்வரம் உரியது, எந்தப் பிடி மரபு, எந்தப் பாடம் பிழை என்பவை அங்கே பாடிக் காட்டியும் வாதாடியும் முடிவு செய்யப்பட்டன. 1939ஆம் ஆண்டு மாநாட்டுக்குத் தலைமை ஏற்கும்படி முசிரி அழைக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது நாற்பது. முந்திய ஆண்டு அந்த இருக்கையில் இருந்தவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். மாநாட்டுத் தலைவருக்கு உரியதான சங்கீத கலாநிதி என்னும் பட்டம் முசிரிக்கும் உரியதாயிற்று. பின்னரும் அறிஞர் குழுவில் அவர் நெடுங்காலம் இடம் பெற்றிருந்தார்.

அந்தக் காலைக் கூட்டங்களின் உள்ளே ஒரு தீராத கேள்வி இருந்தது. ஏட்டில் உள்ள இலக்கணம் பெரிதா, மேடையில் வாழும் வழக்கு பெரிதா? முசிரியின் வாழ்விலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. தியாகராஜரின் நகுமோமு கீர்த்தனை அவர் பாடிய இசைத்தட்டின் வழியாகவே நாடெங்கும் பரவியது. இன்று ஆபேரி என்றவுடன் மக்கள் காதில் ஒலிக்கும் வடிவம் அதுதான். ஆனால் பழைய நூல்களை வைத்துப் பார்ப்போர், ஆபேரிக்கு உரிய தைவதம் வேறு என்றும், இன்று வழங்குவது கர்நாடக தேவகாந்தாரியை ஒத்தது என்றும் வாதிடுவர். இலக்கணத்தைக் காக்கும் குழுவில் அமர்ந்தவரின் குரலே வழக்கின் வெற்றிக்கும் காரணமாக இருந்தது! இதில் முரண்பாடு இல்லை. பாடியவர்க்கே தெரியும், வழக்கு எவ்வளவு வலியது என்று. அதை அறியாமல் நூலை மட்டும் பிடித்துக்கொண்டு தீர்ப்புச் சொல்பவர் இசையைக் காப்பதாக எண்ணி அதன் மூச்சை அடைத்துவிடுவார்.

1940களின் நடுப்பகுதியில், புகழ் சிறிதும் குறையாத நிலையில், முசிரி கச்சேரி மேடையிலிருந்து விலகினார். அப்போது அவர் ஐம்பதை எட்டவில்லை. எழுபதிலும் எண்பதிலும் பாடிய பெரியவர்கள் உள்ள உலகம் இது. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. முதுமையின் இசைக்கும் ஓர் அழகு உண்டு. ஆனால் உயர்ந்த சுருதியில் நின்று நீண்ட கார்வைகளால் உருக்குவதே வழியாகக் கொண்ட ஒருவருக்கு, குரலின் கணக்கு வேறு. தம்மைத் தாமே கேட்டுத் தீர்ப்புச் சொல்லத் தெரிந்தவரே பிறரைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் உரிமை பெறுகிறார். அந்த வகையில் முசிரி முதலில் தரம் கண்ட பாடகர் முசிரியே.

1949இல் அரசு சென்னையில் மத்திய கர்நாடக இசைக் கல்லூரியைத் தொடங்கியபோது அதன் முதல் முதல்வர் ஆனார். 1965 வரை அப்பொறுப்பில் இருந்தார். டி. பிருந்தா, திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளை, மாயவரம் கோவிந்தராஜ பிள்ளை போன்ற பெருங்கலைஞர்கள் அங்கே கற்பித்தனர். பிற்காலத்தில் தமிழ்நாடு அரசு இசைக் கல்லூரி என வழங்கிய அந்நிறுவனம் சென்னையில் பிராடி மாளிகையில் நிலைகொண்டது.

குருகுலத்தில் ஒன்பது ஆண்டுகள் கற்றவர், மணி அடித்தால் முடியும் வகுப்பில் அதே கலையைக் கற்பிக்க வேண்டியிருந்தது. பாடத்திட்டம், தேர்வு, மதிப்பெண் ஆகியவை எல்லாம் ராகத்துக்குப் புதியவை. விளம்ப கால நிரவலுக்கு எத்தனை மதிப்பெண் போடுவது? கல்லூரியால் வித்துவான்களை உருவாக்க முடியுமா, ஆசிரியர்களை மட்டுமே உருவாக்க முடியுமா என்ற ஐயம் அன்று எழுந்தது. இன்னும் அது அடங்கவில்லை. முசிரியின் வகையில் விடை மாணாக்கர் வடிவில் வந்தது. மணி கிருஷ்ணசுவாமி, டி. கே. கோவிந்த ராவ், சுகுணா புருஷோத்தமன், சுகுணா வரதாச்சாரி ஆகியோர் அவரிடம் பயின்றவர்கள். ஒருவர் பாணி மற்றவர் பாணியின் நகலாக இல்லை. அவர்களுள் மணி கிருஷ்ணசுவாமி 1992இலும் கோவிந்த ராவ் 1999இலும் மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி ஆயினர். ஆசிரியர் அமர்ந்த இருக்கையில் அறுபது ஆண்டுகள் கழித்து மாணவரும் அமர்ந்தார்.

தீர்ப்பே இல்லாத ஓர் இசை விழாவையும் முசிரி தாங்கி நின்றார். திருவையாற்றில் தியாகராஜ ஆராதனை பெரிய கட்சி, சின்னக் கட்சி எனப் பிளவுபட்டுக் கிடந்தது. பெங்களூர் நாகரத்தினம்மாள் தனியே ஒரு வழிபாடு நடத்திவந்தார். 1940ஆம் ஆண்டையொட்டி இவை ஒன்றுபட்டு தியாகப்பிரம்ம மகோற்சவ சபை உருவானது. அந்தச் சபையின் பொருளாளராக முசிரி நெடுங்காலம் உழைத்தார். அங்கே பெரியவரும் சிறியவரும் காவிரிக்கரையில் ஒரே வரிசையில் அமர்ந்து பஞ்சரத்தினங்களைச் சேர்ந்து பாடுகின்றனர். மதிப்பெண் இல்லை, பரிசு இல்லை. ஆண்டெல்லாம் பிறர் இசையை எடைபோட்டவர் அதே ஈடுபாட்டோடு இந்த விழாவின் கணக்கேட்டையும் பார்த்தார் என்பதில் அவருடைய உள்ளம் தெரிகிறது.

1957இல் சங்கீத நாடக அகாதெமி விருதும், 1971இல் பத்மபூஷண் விருதும் அவரை வந்தடைந்தன. 1975 மார்ச் 25ஆம் நாள் அவர் மறைந்தார். மயிலாப்பூரில் ஆலிவர் சாலை எனப்பட்ட தெரு இன்று முசிரி சுப்பிரமணியம் சாலை எனப் பெயர் தாங்கி நிற்கிறது.

கவியரங்கங்களிலும் போட்டிகளிலும் நடுவராக அமரும் வாய்ப்பு இலக்கிய வட்டத்தார் பலருக்கும் வருவதே. தீர்ப்புச் சொல்வது எளிது என்ற எண்ணம் அந்த இருக்கையில் அமர்ந்தவுடன் யாருக்கும் வந்துவிடும். முசிரியின் வாழ்வு அந்த எண்ணத்தைத் தடுத்து நிறுத்துகிறது. மேடையின் அச்சத்தை அறிந்திருத்தல், தன் படைப்பை முதலில் தரம் காணல், மரபைக் காக்கும்போதே வழக்கின் உயிரை மதித்தல், பிறரைத் தம் நகலாக்காமல் வளர்த்தல் ஆகிய நான்கும் உடையவர் சொல்லும் தீர்ப்பை, தோற்றவரும் ஏற்றுக்கொள்வார்.